கேள்வி–பதில்: சிகாகோவில் நாலு மணி நேரம், கறுத்த நகம், அப்புறம் தயிர் சாதம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அக்டோபர் மாத சிகாகோ மராத்தானைப் (26.2 மைல் ஓட்டம்) பற்றித்தான். புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் பயிற்சியாளர் கிடையாது. சொந்த ஊர் பாளையங்கோட்டை, இப்போது சிகாகோவின் புறநகரான நேப்பர்வில் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், வயது 53. சிகாகோவை ஆறு முறை ஓடியிருக்கிறேன். அதில் இரண்டு முறை கடைசி ஆறு மைலை நடந்துதான் கடந்தேன். என் தகுதி அவ்வளவுதான்.

அக்கா, ஏப்ரலில் அரை மராத்தானை 2 மணி 5 நிமிடத்தில் முடித்தேன். சிகாகோதான் என் முதல் முழு மராத்தான். நாலு மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். வாரத்துக்கு 25 மைல் ஓடுகிறேன். எந்த வேகத்தில் ஆரம்பிக்கலாம்?
— ஐ.டி. ஊழியர், டாலஸ்

தம்பி, ஓட்டத்தில் தப்பில்லை, ஆபீஸில் சொன்னதுதான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். 2 மணி 5 நிமிடம் என்றால் மைலுக்குச் சுமார் 9 நிமிடம் 32 விநாடி. நாலு மணி நேரத்தில் முடிக்க மைலுக்கு 9 நிமிடம் 9 விநாடி வேண்டும். பாதித் தூரத்துக்கே கைவராத வேகத்தை முழுத் தூரத்துக்குக் கேட்கிறீர்கள். அரை மராத்தான் நேரத்தை இரண்டால் பெருக்கி, அதோடு பத்திலிருந்து இருபது நிமிடம் வரை கூட்டிக்கொள்வது ஓடுகிறவர்களிடையே பழைய வழக்கம். வாரம் 25 மைல் ஓடுகிறவர் இருபதையே கூட்டிக்கொள்வது நல்லது. ஆக நாலரை மணி. முகம் வாடுவது தெரிகிறது. முதல் மராத்தானுக்கு நாலரை மணி நல்ல நேரம்தான்.

என் முதல் சிகாகோவைச் சொல்கிறேன். கிராண்ட் பார்க்கில் கிளம்பி ஒரு மைல் முடிவதற்குள்ளேயே பாதை மேல்சாலைக்கு அடியில் குகை மாதிரிப் புகுந்து போகும். அங்கே கைக்கடிகாரத்துக்குச் சாட்டிலைட் கிடைக்காது. வெளியே வந்தால் இரண்டு பக்கமும் வானளாவிய கட்டடம், சிக்னல் அதில் பட்டுத் தெறிக்கும். என் கடிகாரம் முதலில் மைலுக்கு 13 நிமிடம் என்றது. ஐயோ, பின்தங்கிவிட்டோமே என்று மிதித்தேன். அடுத்து 7 நிமிடம் என்றது. ஆகா, நம் கால் இன்று பறக்கிறதே என்று பூரித்தேன். இரண்டுமே பொய். 5 கிலோமீட்டரில் நேரம் பதிவதற்காகத் தரையில் விரித்திருக்கும் பாயில் கால் வைத்தபோது 28 நிமிடம் ஆகியிருந்தது. நான் வீட்டில் எழுதி வைத்திருந்தது 32.

இதில் மோசம் என்னவென்றால், அப்படி நாலு நிமிடம் முந்தியதில் உடம்புக்கு ஒரு வலியும் தெரியவில்லை. மூன்று வாரம் ஓட்டத்தைக் குறைத்து ஓய்வெடுத்த கால்கள், குளிர்ந்த காலை, இரண்டு பக்கமும் கூச்சல், மணியோசை. மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரைக்குப் பசி தெரியாது என்பார் என் தாத்தா. லிங்கன் பார்க்கைத் தாண்டும்போது சிரித்துக்கொண்டிருந்தேன். பில்சன் வந்தது, 19-வது மைல், மெக்சிகோக்காரர்களின் பாட்டும் முரசும். அங்கே இடது கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. சைனாடவுனில் நடை. கடைசி ஆறு மைலுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். என் அம்மா வயதிருக்கும் ஒரு பாட்டி என் தோளைத் தட்டி "கமான் ஹனி" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனார்.

காரணம் எளிது. தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் எனும் சர்க்கரை, நம்மைப் போன்றவர்களுக்கு ஏறத்தாழ 20 மைல் வரைதான் வரும். வேகம் கூடக்கூட உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுச் சர்க்கரையை அதிகமாக எரிக்கும். முதல் மைல்களில் கடன் வாங்கிய அந்த நாலு நிமிடத்துக்கு 20-வது மைலில் கந்துவட்டி கட்டினேன்.

உங்களுக்கு நான் எழுதித் தரும் சீட்டு இது: முதல் மூன்று மைல், மைலுக்கு 10:30 (பத்து நிமிடம் முப்பது விநாடி). நாலாவது மைலிலிருந்து 10:15. இருபதாவது மைல் பலகையில் 3 மணி 25 நிமிடம் 45 விநாடி. அதே 10:15 கடைசி வரை தாக்குப்பிடித்தால் நாலரை மணிக்கு அரை நிமிடம் முன்னால் முடிப்பீர்கள். 20-வது மைலில் கால் இன்னும் உங்கள் பேச்சைக் கேட்டால் அப்போது ஓடுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்? முதல் மூன்று மைலில் ஊரே உங்களைத் தாண்டிப் போகும். போகட்டும், அவர்களில் பலரை, பின்பாதியில் வரும் ஹால்ஸ்டெட் தெருவுக்கு அப்புறம் நடந்துகொண்டிருக்கும்போது பார்ப்பீர்கள்.

கடிகாரத்தில் ஒவ்வொரு மைலையும் தானே கணக்கிடும் தானியங்கி லாப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மைல் பலகையிலும் நீங்களே பொத்தானை அழுத்துங்கள். இன்னொன்று, வளைவுகளில் வெளியோரமாக ஓடி, ஆளை விலக்கி ஓடி, நம் கடிகாரம் முடிவில் 26.2-க்குப் பதில் 26.5 மைல் காட்டும். அதனால் கடிகாரத்தில் 10:18 என்று பார்த்துக்கொண்டே ஓடினால் நாலரை மணிக்குள் வரமாட்டீர்கள், 10:11 தெரிய வேண்டும். சீட்டைப் பால்பாயிண்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதாதீர்கள். எட்டாவது மைலில் என் கையில் நீலக் கறைதான் மிச்சமிருந்தது.

2023-இல் இதே சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 ஓடி உலக சாதனை செய்தார். முதல் பாதி 60:48, இரண்டாம் பாதி 59:47. நாலு மாதம் கழித்து ஒரு கார் விபத்தில் போய்விட்டார், 24 வயது. அவர் வேகம் நமக்கு எதற்கு, அந்தப் பொறுமையில் கொஞ்சம் கிடைத்தால் போதும்.

மேடம், "மெதுவாக ஓடு, மெதுவாக ஓடு" என்கிறீர்கள். ஜூலையில் நான் ஓடும் வேகத்தைப் பார்த்து, நடைப்பயிற்சி போகும் பக்கத்து வீட்டு மாமி "என்னம்மா, கால் வலியா?" என்று கேட்கிறார். இப்படி ஓடி என்ன பயன்?
— வாசகி, அரோரா

மாமியிடம் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

இங்கே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் சுற்றியிருக்கும் சோளக்காடே காற்றில் ஈரத்தை விடுகிறது. "சோள வியர்வை" என்றே உள்ளூர்க்காரர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்குக்கூட மெரினாவில் நிற்பது மாதிரி இருக்கும். அந்தப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு சூட்டை இறக்க முடியாமல் இதயம் கூடுதலாக அடிக்கும். அக்டோபரில் மைலுக்கு 10:15 ஓட நினைப்பவர் ஜூலையில் 11:30, 12 என்று ஓடுவது சரியான வேகம்தான். அளவுகோல் கடிகாரம் இல்லை, வாய். மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். நான் பிரெய்ரி பாத் என்ற இங்குள்ள நடைபாதையில் சனிக்கிழமை நீள ஓட்டம் போகும்போது பாளையங்கோட்டையில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டுவிடுவேன். அவள் "ஏன்டி இப்படி இரைக்குது?" என்று கேட்டால் வேகத்தைக் குறைப்பேன்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகமாக ஓடுங்கள். மற்ற நாளெல்லாம் இந்த அசட்டு வேகம்தான். செப்டம்பர் நடுவில் ஒரு நாள் காலையில் காற்று சில்லென்று மாறும். அன்றைக்கு அதே மூச்சுக்கு மைலுக்கு ஒரு நிமிடம் குறைந்திருக்கும். மாமியும் பார்ப்பார்.

கோயம்புத்தூரிலிருந்து சிகாகோ வந்து ஓடப்போகிறேன். ரேஸ்கோர்ஸில்தான் பயிற்சி. குளிர் தாங்குமா? எத்தனை நாள் முன்னால் வர வேண்டும்?
— வியாபாரி, கோவை

சிகாகோ இந்தியாவுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். குறைந்தது ஐந்து நாள் முன்னால் வாருங்கள். எண் அட்டையை மெக்கார்மிக் பிளேஸில் நடக்கும் கண்காட்சியில் முந்தின நாட்களிலேயே நேரில் வாங்கிவிட வேண்டும், பந்தயத்தன்று தரமாட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி வந்து இறங்கினால் ஞாயிறன்று வேடிக்கைதான் பார்க்கலாம். கண்காட்சியில் மூன்று மணி நேரம் சுற்றிக் காலைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். போனோமா, வாங்கினோமா, வந்தோமா என்று இருங்கள்.

காலையில் பெரும்பாலும் 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஓட அருமை, நிற்கக் கொடுமை. வீட்டில் தூக்கிப்போட வைத்திருக்கும் பழைய ஸ்வெட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, கிளம்பும்வரை போட்டிருந்துவிட்டுக் கழற்றி எறியுங்கள். அப்படிக் கழற்றுவதைச் சேகரித்து தானமாகக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் குளிரை நம்பி முழுக்கை மட்டும் கட்டி வராதீர்கள். 2007-இல் வெயில் 31 டிகிரியைத் தொட்டு, ஓட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். அக்டோபர் இங்கே அப்படியும் செய்யும்.

சுத்த சைவம். முந்தின நாள் பாஸ்தா சாப்பிடச் சொல்கிறார்கள், பிடிக்கவில்லை. ஓடும்போது சாப்பிடும் சர்க்கரை ஜெல் குமட்டுகிறது. முழங்கால் வலிக்கு முன்கூட்டியே ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்ளலாமா?
— வாசகர், நியூ ஜெர்சி

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், இது என் தொழில். கூடாது. நாலைந்து மணி நேரம் ஓடும்போது உடம்பு நீரிழந்து, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமே குறைந்திருக்கும். அந்த நேரத்தில் ஐபுப்ரோஃபென் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்கிற முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள். அதேபோல் எல்லா மேசையிலும் தண்ணீரை வாங்கி வாங்கிக் குடிக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி ஆபத்தாகும். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

பாஸ்தா எதற்கு? சோறு இருக்கிறதே. முந்தின நாள் மதியம் நன்றாகச் சாப்பிட்டு, ராத்திரி ஏழு மணிக்குள் கொஞ்சம் தயிர் சாதம். சாம்பார், ராஜ்மா, பொரித்தது வேண்டாம். எதற்கென்று நான் ஒருமுறை 9-வது மைலில் நீலக் கழிப்பறை வரிசையில் ஏழு நிமிடம் நின்று தெரிந்துகொண்டேன். காலையில் எனக்கு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. கிளம்புவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே.

ஜெல் பிடிக்காவிட்டால் பேரீச்சம்பழம். கொட்டை எடுத்த பெரிய மெட்ஜூல் ஒன்றில் 16 முதல் 18 கிராம் மாவுச்சத்து இருக்கும். மணிக்கு 30 முதல் 60 கிராம் உள்ளே போக வேண்டும் என்பதால் அரை மணிக்கு ஒன்று என்று வையுங்கள், மீதியைக் கேட்டரேட் எனும் இனிப்புப் பானம் பார்த்துக்கொள்ளும். எதுவானாலும் நீள ஓட்டத்தில் நாலு தடவை சாப்பிட்டுப் பார்த்தது மட்டும்.

காய்ச்சலில் இரண்டு வாரம் போய்விட்டது. அடுத்த இரண்டு வாரத்தில் சேர்த்து ஓடிவிடலாமா?
— மாணவர், அர்பானா

வேண்டாம். போனது போனதுதான். விட்ட மைலைச் சேர்த்து ஓடி, கீழ்க்கால் எலும்பில் விரிசலோடு என் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

என் மருமகள் சனிக்கிழமைதோறும் 18 மைல், 20 மைல் என்று ஓடுகிறாள். கால் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. பெண்பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா? நீங்களாவது சொல்லக் கூடாதா?
— ஒரு மாமியார், ஷாம்பர்க்

அம்மா, ஆள் மாறி எழுதிவிட்டீர்கள். என் இரண்டு கட்டைவிரலிலும் நகம் இல்லை.

ஷூவை அரை அளவு பெரிதாக வாங்கச் சொல்லுங்கள், ஓடும்போது பாதம் வீங்கும். கறுத்த நகத்தைப் பிடுங்க வேண்டாம், தானே விழுந்து புதிது முளைக்கும். சனிக்கிழமை அவள் வரும்போது பதினொரு மணி ஆகிவிடும், பசி உயிர் போகும். அந்த நேரத்துக்கு ஒரு தட்டு சூடாக இருந்தால், 22 மைல்கூட ஓடுவாள்.

மனைவி ஓடுகிறாள். நானும் இரண்டு குழந்தைகளும் எங்கே நின்றால் பார்க்கலாம்?
— கணவர், நேப்பர்வில்

காரை எடுக்காதீர்கள், பாதித் தெரு மூடியிருக்கும். ரெட் லைன் ரயிலில் முதலில் கிராண்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆரம்பத்தில் ஒரு தடவை பாருங்கள். அங்கே எல்லோரும் கையாட்டுவார்கள், அவளுக்கு உங்கள் தயவு தேவைப்படாது. அப்புறம் தெற்கே போய் செர்மாக்–சைனாடவுனில் இறங்கி, 21-வது மைலைத் தாண்டியதும் நில்லுங்கள். எந்தப் பக்கம் நிற்பீர்கள், இடதா வலதா என்பதை முந்தின ராத்திரியே பேசி வையுங்கள். என் வீட்டுக்காரர் சாலையின் இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம் என்று ஒரு வருடம் போயிற்று. கையில் உரித்த ஆரஞ்சுச் சுளை வைத்திருங்கள். குழந்தைகள் அட்டையில் அம்மா பெயரைப் பெரிதாக எழுதட்டும். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். ஐந்து மைல் இருக்கும்.