ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஓ.டி. கணக்கு போட்டால் உங்களுக்கு நஷ்டம்

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். அடிப்படைச் சம்பளம் மாதம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திங்கள் முதல் வெள்ளி வரை தினம் ஏழரை மணி நேரம், சனிக்கிழமை ஆறரை மணி நேரம், ஞாயிறு ஓய்வு. ஆனால் பல ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொல்கிறார்கள். அதற்கும் வழக்கமான ஓ.டி. (கூடுதல் நேர வேலை) போலவே ஒன்றரை மடங்கு போடுகிறார்கள். இது சரியா?

பதில்: சரியில்லை. ஓய்வு நாள் வேலைக்குச் சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் தனிக் கணக்கு உண்டு. உடலுழைப்பு வேலை செய்பவரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 4,500 வெள்ளிக்கு மேல் போகாதவரை இந்த விதி பொருந்தும். மற்ற வேலைகளுக்கு வரம்பு 2,600 வெள்ளி. வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள்.

முதலில் ஓ.டி. விகிதம். அடிப்படைச் சம்பளத்தை 12-ஆல் பெருக்கி 2,288-ஆல் (52 வாரம் × 44 மணி) வகுத்தால் உங்களுக்கு மணிக்கு 4.20 வெள்ளி வரும். அதில் ஒன்றரை மடங்கு 6.29. வாரநாளில் கூடுதலாகச் செய்யும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இதுதான்.

ஓய்வு நாளுக்கு நாள் கூலிதான் அளவு. உங்கள் ஆண்டு அடிப்படைச் சம்பளம் 9,600-ஐ 312-ஆல் (52 வாரம் × 6 நாள்) வகுத்தால் ஒரு நாள் கூலி 30.77 வெள்ளி. முதலாளி கேட்டு நீங்கள் ஓய்வு நாளில் வந்தால், வழக்கமான வேலை நேரத்தில் பாதி வரை ஒரு நாள் கூலி. பாதியைத் தாண்டினால் இரண்டு நாள் கூலி, அதாவது 61.54. ஏழரை மணி நேரத்தையும் தாண்டினால் அதன்மேல் ஓ.டி. தனியாகச் சேரும். மாதச் சம்பளம் போக வர வேண்டிய பணம் இது.

ஏழரை மணி நேரத்துக்கு அவர்கள் போடும் ஓ.டி. கணக்கில் 47.20 வெள்ளிதான் கிடைக்கும். ஒரு ஞாயிற்றுக்கு 14 வெள்ளிக்கு மேல் போய்விடுகிறது. நான்கு ஞாயிறு என்றால் 57 வெள்ளி. குறைந்த நேரத்துக்குக் கூப்பிடும்போது இழப்பு இன்னும் பெரிது. உங்கள் பாதி நேரம் மூன்றே முக்கால் மணி. நான்கு மணி நேரம் வேலை வாங்கினாலே இரண்டு நாள் கூலி தர வேண்டும். ஓ.டி. கணக்கிலோ 25 வெள்ளி சொச்சம்தான்.

ஒரு இடத்தில் மட்டும் மிகக் கவனம் தேவை. ஓய்வு நாள் வேலையை நீங்களே கேட்டு வாங்கினால் கூலி பாதியாகிவிடும்: பாதி நேரம் வரை அரை நாள் கூலி, அதற்கு மேல் ஒரு நாள் கூலி. அதனால் 'என் விருப்பத்தின் பேரில் வேலை செய்கிறேன்' என்று அச்சடித்த தாளை நீட்டினால், வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'நாளைக்கு வா' என்று சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை அழித்துவிடாதீர்கள். கேட்டது யார் என்பதற்கு அதுதான் சாட்சி. அவசரச் சூழல் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, ஓய்வு நாளில் வேலைக்கு வர உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது.

அடுத்து உங்கள் ஐபிஏ கடிதத்தை (வேலை அனுமதிக்கு முன் தரப்படும் கொள்கை அளவிலான ஒப்புதல் கடிதம்) எடுத்துப் பாருங்கள். அதில் அடிப்படைச் சம்பளம் என்று இருக்கும் தொகையும் சம்பளச் சீட்டில் இருக்கும் தொகையும் ஒன்றா? சிலர் அடிப்படையைக் குறைத்து, மீதியை அலவன்ஸ் என்று காட்டுவார்கள். மொத்தத் தொகை மாறாததால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் ஓ.டி.க்கும் ஓய்வு நாள் கூலிக்கும் அலவன்ஸ் கணக்கில் வராது. இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும்.

பொது விடுமுறை வேறு. அன்று வேலை செய்தால் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைக் கூலி.

சம்பள காலம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளமும், 14 நாளுக்குள் ஓ.டி. பணமும் கைக்கு வர வேண்டும். வராவிட்டாலோ குறைந்தாலோ முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். தினமும் நேர அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் அட்டை அவர்கள் கைக்குப் போய்விடும். பதில் இல்லையென்றால் வேலைத் தகராறுகளைக் கவனிக்கும் டி.ஏ.டி.எம். (TADM) என்ற முத்தரப்பு அமைப்பில் கோரிக்கை பதியலாம். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அது ஒத்துவராவிட்டால் வேலை நியமனக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். வேலையில் இருந்தால் ஓராண்டுக்குள் பதிய வேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஆறே மாதம்தான். ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே பதிந்துவிடுங்கள்.