பெல்ட் எலும்பின் மேல் இருக்கிறதா, வயிற்றின் மேல் இருக்கிறதா?

கேள்வி: காரில் சீட் பெல்ட் போடுவது அவ்வளவு அவசியமா? ஏர்பேக் இருந்தாலும், பின் சீட்டில் உட்கார்ந்தாலும் போட வேண்டுமா? எப்படிப் போடுவது சரி? என் மாமியார் கழுத்தில் உரசுகிறது என்று பெல்ட்டைக் கைக்கு அடியில் விட்டுக்கொள்கிறார், அது போதுமா?

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். போதாது. எங்கள் வீட்டிலும் இது நடந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என் அம்மா உயரம் குறைவு. பெல்ட் போட்டால் மேல் பட்டை நேராகக் கழுத்தில் வந்து உட்காரும். அதனால் அதை அக்குளுக்கு அடியில் விட்டுக்கொள்வது அவர் வழக்கம். கிளிக் என்று சத்தம் கேட்டுவிடும், எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிடும். அம்மா பெல்ட் போட்டிருக்கிறார் என்று நானும் பல வருடம் நிம்மதியாக ஓட்டினேன். ஒரு நாள் முன்னால் போன வண்டி சட்டென்று நிற்க, நான் பிரேக்கை முழுதாக மிதித்தேன். எதிலும் மோதவில்லை, வேகமும் அதிகமில்லை. ஆனால் அம்மாவின் மேல் உடம்பு அப்படியே முன்னால் மடிந்தது. பட்டை விலாவை அழுத்திய இடம் கன்றிப்போய், ஒரு வாரம் புரண்டு படுக்க முடியவில்லை. மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்ததுமே கேட்டது, "பெல்ட் எங்கே இருந்தது?" பெல்ட் போட்டிருந்தாரா என்று கேட்கவில்லை, எங்கே இருந்தது என்று கேட்டார். அதுவரை அப்படி ஒரு கேள்வி உண்டு என்றே எனக்குத் தோன்றியதில்லை.

விஷயம் இதுதான். நம் உடம்பில் பெரிய இழுவையைத் தாங்கக்கூடிய எலும்புகள் சில இடங்களில்தான் இருக்கின்றன. கீழே இடுப்பெலும்பு, மேலே கழுத்துக்குக் கீழே தோள் வரை போகும் காறை எலும்பும் நெஞ்செலும்பும். சீட் பெல்ட் அந்த இடங்களில் படும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கைக்கு அடியில் விட்டால் அது கீழ் விலா எலும்புகள் மேல் வந்துவிடும். அவை மெல்லியவை, அவற்றுக்குப் பின்னால்தான் கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன. பெரிய மோதலில் விலா உடைந்தால் அந்த உறுப்புகளைக் கிழிக்கும். முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இடுப்பு மட்டும் நிற்கும், தலையும் நெஞ்சும் டேஷ்போர்டை நோக்கிப் போய்விடும்.

சரி, ஏன் போட வேண்டும் என்பதற்கு வருகிறேன். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் காரில் நாம் ஆடாமல் உட்கார்ந்திருப்பதால் வேகமே தெரிவதில்லை. ஆனால் நம் உடம்பும் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் போய்க்கொண்டுதான் இருக்கிறது. கார் சுவரில் மோதி நின்றால் நிற்பது கார்தான், நாம் இல்லை. ஏதாவது ஒன்று நம்மை நிறுத்தும் வரை அதே வேகத்தில் போவோம். அந்த வேகம் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து, கீழே விழுபவர் தரையைத் தொடும் வேகம். 100 கிலோமீட்டர் என்றால் இரண்டு மடங்கு உயரம் என்று நினைக்காதீர்கள். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும், உயரமும் 40 மீட்டரை நெருங்கிவிடும்.

பெல்ட் செய்யும் வேலை, நாம் நிற்கும் தூரத்தைக் கூட்டுவது. மோதும்போது காரின் முன்பகுதி நசுங்குகிறது. பெல்ட் நம்மைக் காரோடு சேர்த்துக் கட்டியிருந்தால், அந்த நசுங்கும் தூரம் முழுவதும் நமக்கும் கிடைக்கும். 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து அரை மீட்டரில் நிற்கிறோம் என்று வைத்துக்கொண்டால், 60 கிலோ எடையுள்ளவர் மேல் விழும் விசை சுமார் 1,200 கிலோ எடைக்குச் சமம். பயங்கரமாகத்தான் இருக்கிறது, ஆனால் வலுவான எலும்புகளில் பரவி விழுந்தால் பிழைக்கலாம். பெல்ட் இல்லாமல் ஸ்டியரிங்கிலோ கண்ணாடியிலோ மோதி ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் அதே விசை பத்து மடங்கு. மோதல் முழுக்க முடிய ஆகும் நேரம் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குதான். கையை முன்னால் ஊன்றிக்கொள்ளலாம் என்பதெல்லாம் அதனால்தான் நடக்காது.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதும் இதே கணக்குதான். 10 கிலோ குழந்தை அந்த நேரத்தில் 200 கிலோ மூட்டையைப் போல் இழுக்கும். எவ்வளவு பாசம் இருந்தாலும் அந்த எடையைக் கைகள் தாங்காது. தன் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது அதைவிட மோசம், பெரியவரின் எடை குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள்.

ஏர்பேக் பெல்ட்டுக்குப் பதில் இல்லை, பெல்ட் போட்டவருக்குக் கூடுதல் துணை. கண் இமைக்கும் நேரத்துக்குள் அது வெடித்து விரியும். பெல்ட் போடாதவர் பிரேக் பிடிக்கும்போதே முன்னால் சரிந்திருப்பார், விரிந்துகொண்டிருக்கும் பை மேலேயே போய் விழுவார், அந்த அடியே உயிரை எடுக்கலாம். பெல்ட் போட்டவர்கூட மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே 25 சென்டிமீட்டராவது இடம் விட்டு உட்கார வேண்டும். டேஷ்போர்டு மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு பயணம் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். அந்தக் கால்களுக்கு அடியில்தான் அந்தப் பக்கத்து ஏர்பேக் இருக்கிறது.

பின் சீட்டிலும் கட்டாயம் போட வேண்டும். பின்னால் பெல்ட் போடாமல் இருப்பவர் முன் சீட்டின் முதுகில் தன் முழு எடையோடு வந்து மோதுவார். முன்னால் பெல்ட் போட்டு ஒழுங்காக உட்கார்ந்திருப்பவர், தன் பெல்ட்டுக்கும் பின்னாலிருந்து வரும் உடம்புக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார். 1997-ல் பாரிஸ் சுரங்கப் பாதையில் இளவரசி டயானா இறந்த விபத்தை எல்லோரும் அறிவார்கள். அவர் உட்கார்ந்திருந்தது பின் சீட்டில். 2008-ல் விசாரணை ஜூரி தந்த முடிவில், அவர் பெல்ட் அணியாததும் மரணத்துக்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

இப்போது நாம் போடும் மூன்று முனை பெல்ட்டை உருவாக்கியவர் நில்ஸ் போலின் என்ற ஸ்வீடன் பொறியாளர். அதற்கு முன் அவர் விமானிகளைக் காக்பிட்டிலிருந்து வெளியே தூக்கி எறியும் இருக்கைகளை வடிவமைத்துக்கொண்டிருந்தார். 1959-ல் வோல்வோ தன் கார்களில் இந்தப் பெல்ட்டைப் பொருத்தியது. காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தட்டும் என்று திறந்தும் விட்டது. ஒரே கையால் இழுத்து ஒரே இடத்தில் மாட்டிவிடும் அளவுக்கு எளிதாக்கியது அவர் செய்த பெரிய காரியம் என்று நினைக்கிறேன். முன் சீட்டில் இருப்பவர் இறக்கும் ஆபத்தைப் பெல்ட் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இனி போடும் முறை. முதலில் சீட்டை நிமிர்த்துங்கள். இதை நிறையப் பேர் பெல்ட்டோடு சேர்த்து யோசிப்பதே இல்லை. சீட்டைச் சாய்த்துப் படுத்தால் மார்புப் பட்டை உடம்பைத் தொடாமல் காற்றில் நிற்கும், இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மோதும்போது உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக் கீழே போகும், பட்டை வயிற்றுக்குள் புதையும். குடல் கிழிவதும் முதுகெலும்பு உடைவதும் அப்படித்தான். நீண்ட பயணத்தில் தூக்கம் வந்தால் லேசாகச் சாய்க்கலாம், படுக்கையாக்க வேண்டாம்.

முதுகும் இடுப்பும் சீட்டை ஒட்டும்படி உட்கார்ந்து, பட்டையை முறுக்கு இல்லாமல் மெதுவாக இழுத்து மாட்டுங்கள். முறுக்கிக்கொண்ட பட்டை கயிறு மாதிரி ஒரே கோட்டில் அறுக்கும். அடுத்து இடுப்புப் பட்டையைக் கையால் கீழே தள்ளுங்கள். தொப்பைக்கு மேலே இல்லை, தொப்பைக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். பிறகு மார்புப் பட்டையை மேல்நோக்கி இழுங்கள், இடுப்பில் இருக்கும் தொய்வு அதில் போய்விடும். பலர் இந்த ஒரு இழுப்பை விட்டுவிடுகிறார்கள். மார்புப் பட்டை தோளின் நடுவில், காறை எலும்பைக் கடந்து, நெஞ்சுக்குக் குறுக்கே போக வேண்டும். கழுத்தையும் தொடக் கூடாது, தோளிலிருந்து நழுவவும் கூடாது. தடித்த குளிர் உடுப்பு போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டோ, முன்பக்கம் திறந்துவிட்டோ பெல்ட் போடுங்கள். உடுப்பு நசுங்கும் அளவுக்குப் பெல்ட்டில் தொய்வு இருக்கிறது என்று அர்த்தம். அதே காரணத்துக்காக, இறுக்கமாக இருக்கிறது என்று பட்டையைத் தளர்த்திப் பிடிக்கும் கிளிப்புகளையும் மாட்டாதீர்கள்.

சிலர் கேட்பதுண்டு, பெல்ட் சுலபமாக நீள்கிறதே, இது எப்படிப் பிடிக்கும் என்று. அது பழுதில்லை. மெதுவாக இழுத்தால் விடும், சட்டென்று இழுத்தாலோ காரின் வேகம் சட்டென்று குறைந்தாலோ உள்ளே இருக்கும் சுருள் பூட்டிக்கொள்ளும். சரிவில் நிறுத்திய காரில் பெல்ட் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பதும் இதனால்தான், சாய்வைக்கூட அது ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. விட்டுவிட்டு மெதுவாக மறுபடி இழுங்கள்.

கர்ப்பிணிகள் பெல்ட்டைத் தவிர்க்கவே கூடாது. இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில், மார்புப் பட்டை மார்பகங்களுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். தாயைக் காப்பதுதான் குழந்தையைக் காக்கும் வழி. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிய கார் சீட் வேண்டும். முன்னால் ஏர்பேக் இயங்கும் இடத்தில் அதை வைக்கவே கூடாது. வளர்ந்த பிள்ளைகளுக்கு, பெரியவர்களின் பெல்ட் கழுத்திலும் வயிற்றிலும் படாமல் சரியாக அமையும் வரை, அவர்களை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட் தேவை. சுமார் 145 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பெரும்பாலும் அமையாது. வயதைப் பார்க்காமல் பட்டை எங்கே படுகிறது என்று பாருங்கள்.

தீப்பிடித்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ பெல்ட் சிக்கவைத்துவிடாதா என்ற பயமும் எனக்குப் புரிகிறது. அப்படிப்பட்ட விபத்துகள் மிகக் குறைவு. நடந்தாலும், தலையில் அடிபட்டு மயங்கியவரால் கதவைத் திறக்க முடியாது. நினைவோடு இருப்பவர்தான் பொத்தானை அழுத்தி வெளியே வர முடியும், அந்த நினைவைக் காப்பாற்றித் தருவது பெல்ட்தான்.

பெல்ட்டின் ஓரம் நைந்திருந்தால், உள்ளே சுருளாமல் தொங்கினால், ஒருமுறை பெரிய மோதலில் இழுபட்டிருந்தால், மாற்றிவிடுங்கள். பழைய கார் வாங்கும்போது பட்டையை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள், சேதம் பெரும்பாலும் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில்தான் ஒளிந்திருக்கும்.

அப்புறம், உங்கள் மாமியாருக்கு. முன் சீட்டில் உட்காருபவர் என்றால், கதவுக்குப் பக்கத்துத் தூணில் பெல்ட் வெளியே வரும் இடத்தைப் பாருங்கள். நிறைய கார்களில் அங்கே ஒரு சின்ன பொத்தான் இருக்கும், அதை அழுத்தி அந்த முனையைக் கீழே இறக்கலாம். என் அம்மாவுக்கு இரண்டு படி இறக்கி, சீட்டைக் கொஞ்சம் உயர்த்தினோம், பட்டை கழுத்தை விட்டுத் தோளுக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்தப் பொத்தான் அங்கேயே இருந்திருக்கிறது, நாங்கள்தான் பார்க்கவில்லை. பின் சீட் என்றால் பெரும்பாலும் இந்த வசதி இருக்காது. கதவை ஒட்டி உட்காராமல், கொஞ்சம் நடுப்பக்கம் நகர்ந்து, முதுகை ஒட்ட வைத்து உட்காரச் சொல்லுங்கள். பட்டை கழுத்திலிருந்து விலகும். அப்படியும் லேசாகத் தொட்டால் காலர் வைத்த சட்டை உதவும். முதல் தடவை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பட்டையை அவர் தோளில் சரியாக வைத்துவிடுங்கள்.