அகஸ்டாவுக்கு என்ன உடுத்திப் போவது?

கேள்வி: ஏப்ரலில் அமெரிக்காவின் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியின் பயிற்சி நாளுக்கு மகன் டிக்கெட் வாங்கியிருக்கிறான். எதை உடுத்துவது, எதை எடுத்துச் செல்வது?

பதில்: முதலில் காலணி, அம்மா. தொலைக்காட்சியில் சமதரையாகத் தெரியும் அந்த மைதானம் நேரில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பத்தாவது குழிக்கான ஆட்டப் பாதையின் சரிவில் இறங்கி ஏறிய அன்று இரவு எனக்குக் கெண்டைக்கால் கல்லாக இறுகிவிட்டது. கால் பழகிய, தரையை நன்றாகப் பிடிக்கும் ஷூவே போதும். புதியது வேண்டவே வேண்டாம். காலையில் புல் நனைந்திருக்கும், குளிரும். நண்பகலில் வெயில் சுடும். பருத்திச் சட்டைக்கு மேல் மெல்லிய ஸ்வெட்டர், தலைக்குத் தொப்பி.

கைபேசிக்கு உள்ளே அனுமதியில்லை. கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள், கிளப் கட்டடத்தருகே உள்ள பெரிய ஓக் மரத்தடியில் எத்தனை மணிக்குச் சந்திப்பது என்று மகனிடம் முன்பே பேசிவிடுங்கள். கேமராவை மறக்காதீர்கள், பயிற்சி நாள்களில் மட்டும்தான் அதை அனுமதிப்பார்கள்.