சீட்டிங் டையை அசைக்காமலே புல்லட் இறங்கும் ஆழம் ரவுண்டுக்கு ரவுண்டு மாறுவது ஏன்?

சுட்ட கேஸ்களில் (பித்தளைக் கூடுகளில்) மறுபடி பவுடரும் புல்லட்டும் ஏற்றி ரவுண்டு தயாரிக்கும் ஒருவரின் கேள்விச் சுருக்கம்: .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ஒரே டை (பிரஸ்ஸில் மாட்டி புல்லட்டைக் கேஸுக்குள் இறக்கும் அச்சு), ஒரே பெட்டி புல்லட், நான்கைந்து முறை சுட்ட கேஸ்கள். டையைப் பூட்டி வைத்த பிறகும் மொத்த நீளம் 0.010 அங்குலம் வரை கூடுகிறது, குறைகிறது. சில புல்லட்டுகள் வழுக்கிக்கொண்டு இறங்குகின்றன, சிலவற்றுக்குப் பிரஸ்ஸின் லீவரை அழுத்த வேண்டியிருக்கிறது. டையில் கோளாறா, புல்லட்டில் கோளாறா?

டையின் மேல் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். நீளம் மாறுவதில் ஒரு பகுதி அளக்கும் முறையால் வருவது. மீதி, புல்லட்டைப் பிடிக்கும் கேஸின் ஒடுங்கிய மேல்பகுதியான கழுத்திலிருந்து வருவது. லீவரில் கைக்குத் தெரியும் அந்த வித்தியாசமே கழுத்தைத்தான் காட்டுகிறது.

அளவை முதலில் சரிசெய்வோம். கேஸின் அடியிலிருந்து புல்லட் முனை வரை அளக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஓட்டை முனை கொண்ட மேட்ச் புல்லட்டுகளில் முனையின் விளிம்பு ஒரே சீராக இருப்பதில்லை. ஒரே பெட்டிக்குள்ளேயே 0.010 வித்தியாசம் சாதாரணம். டைக்குள் புல்லட்டைத் தள்ளும் கம்பியான சீட்டிங் ஸ்டெம் முனையைத் தொடுவதில்லை, வளைவின் தோள்பக்கத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. குழலின் உட்புறச் சுழல் வரிகளான ரைஃப்ளிங்கைத் தொடுவதும் முனை அல்ல, ஓஜைவ் எனப்படும் அந்த வளைவுதான். ஆகவே காலிப்பர் என்ற அளவுக்கருவியில், புல்லட்டின் வளைவில் பொருந்தும் துளையுள்ள ஒரு கம்பாரேட்டர் மாட்டி, அடியிலிருந்து ஓஜைவ் வரை பத்து ரவுண்டுகளை அளந்து பாருங்கள். அந்த அளவு 0.002க்குள் நின்றால் உங்கள் ரவுண்டுகளில் குறையே இல்லை. 0.004, 0.005 என்று ஓடினால் மேலே படியுங்கள்.

இடையில் ஒரு சோதனை. நீண்ட கூர்மையான புல்லட்டுகளில் முனை ஸ்டெம்மின் உட்குழியின் அடியில் முட்டுவதுண்டு. முட்டினால் முனையின் ஒழுங்கின்மை அப்படியே ஆழத்தில் ஏறிவிடும். முனையில் மார்க்கர் மையைப் பூசி ஒரு புல்லட்டை இறக்குங்கள். நுனியில் மை அழிந்திருந்தால் அந்த ஸ்டெம் இந்த புல்லட்டுக்கு ஆகாது. நீண்ட ஓஜைவுக்கென்று குடைந்த ஸ்டெம் வாங்குங்கள். புல்லட்டின் மேல் வட்டமாகத் தழும்பு விழுந்தாலும் ஸ்டெம்மைச் சந்தேகிக்கலாம். ஆனால் பெரும்பாலும் அந்தத் தழும்பு கழுத்தின் பிடி அதிகம் என்பதற்கான அடையாளம்.

கழுத்துக்கு வருகிறேன். புல்லட்டைப் பிடித்து வைத்திருப்பது கழுத்தின் இறுக்கம் மட்டுமே. புல்லட் 0.308 அங்குலம், கழுத்துச் சுவர் 0.015 என்றால், லோட் செய்த ரவுண்டின் கழுத்து வெளிவிட்டம் 0.338. புல்லட் இறங்குவதற்கு முன் அதே கழுத்து 0.336 இருக்க வேண்டும். அந்த 0.002 வித்தியாசம்தான் பிடி. போல்ட் ஆக்‌ஷனுக்கு இது போதும். செமி ஆட்டோமேட்டிக்கில் மேகசினிலிருந்து ரவுண்டு வேகமாக ஏறும்போது புல்லட் உள்ளே அமுங்காமலிருக்க 0.003 வைப்பார்கள். அதற்கு மேல் இறுக்கினால் பிடி அதிகமாகாது. பித்தளை விரிந்துகொடுக்கும், புல்லட் கோணலாக இறங்கும்.

விட்டம் சரியாக இருந்தும் சில கேஸ்களில் புல்லட் இறுக்கமாக இறங்கினால் பித்தளையின் கடினத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறை சுடும்போதும் கழுத்து விரிகிறது, ஒவ்வொரு முறை சைஸ் செய்யும்போதும் (சைஸிங் டைக்குள் தள்ளிப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது) சுருங்குகிறது. இந்த மடக்கு வேலையில் பித்தளை இறுகிப்போகிறது. இறுகிய பித்தளை டையை விட்டு வெளியே வந்ததும் கொஞ்சம் திரும்ப விரியும், அதுவும் கேஸுக்கு கேஸ் வெவ்வேறு அளவில். நான்கைந்து முறை சுட்ட கேஸ்களில் இது தொடங்குவது இயல்பு. மூன்று முறை சுட்டதும் ஏழு முறை சுட்டதும் ஒரே பெட்டியில் கலந்திருந்தால் எந்த டையாலும் அதை ஒன்றாக்க முடியாது. முதலில் சுட்ட எண்ணிக்கைப்படி பிரித்து வையுங்கள்.

அடுத்தது அனீலிங், அதாவது இறுகிய பித்தளையைச் சூட்டால் மறுபடி மிருதுவாக்குவது. கழுத்தையும் அதற்குக் கீழே சரியும் தோளையும் மட்டும் சில நொடிகள் சூடாக்க வேண்டும். வெப்பத்தில் உருகி நிறம் மாறும் அரக்குப் பூச்சுகளில் 750 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 400 செல்சியஸ் குறியுள்ளதை இதற்குப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பவுடரைப் பற்றவைக்கும் பிரைமர் இருக்கும் கேஸைத் தீயருகே கொண்டுபோகவே கூடாது. கேஸின் அடிப்பாகம் மிருதுவாகிவிட்டால் அழுத்தத்தைத் தாங்காது. அந்தக் கேஸ் குப்பைக்குத்தான். தண்ணீரில் போடுவது சூடு கீழே இறங்குவதை நிறுத்தும், அவ்வளவே. பித்தளை எஃகு அல்ல, குளிரவைத்தால் கடினமாகாது.

கழுத்தின் உட்புறத் தூய்மையும் இதில் சேரும். ஸ்டெயின்லெஸ் பின் போட்டு ஈரமாகச் சுழற்றிக் கழுவிய கேஸ்களில் உள்ளே கரியே இருக்காது. வெறும் பித்தளை புல்லட்டின் செம்பு உறையைக் கவ்விப் பிடிக்கும். இறங்கும் அழுத்தம் தாறுமாறாக மாற இது ஒரு முக்கியக் காரணம். கரியை விட்டுவைத்து நைலான் பிரஷால் இரண்டு முறை இழுப்பது, அல்லது கழுத்துக்குள் கிராஃபைட் தூள் தொட்டுவைப்பது, இரண்டில் ஒன்று போதும். எண்ணெய் வேண்டாம், அது பவுடரையும் பிரைமரையும் கெடுக்கும். அமோனியா கலந்த பளபளப்புத் திரவங்களும் வேண்டாம். பிரிட்டிஷ் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டாக்கள் வெடிப்பு விட்டதற்கு லாயத்தின் அமோனியாதான் காரணம் என்று 1921இல் விளக்கினார்கள். இழுவிசையில் இருக்கும் கழுத்துப் பித்தளைக்கு அமோனியா இன்றைக்கும் அதையேதான் செய்யும்.

சைஸிங் டைக்குள் இருக்கும் எக்ஸ்பாண்டர் உருண்டை கழுத்தை உள்ளிருந்து மேலே இழுத்துக்கொண்டு வருகிறது. உராய்வு அதிகமானால் தோளையும் சேர்த்து இழுக்கும், கழுத்து மையம் விலகும். உருண்டையைக் கழற்றிவிட்டு, மேலிருந்து உள்ளே தள்ளும் மாண்ட்ரல் என்ற அளவுக் கம்பியால் கடைசி அளவைக் கொடுப்பது எனக்குப் பிடித்த வழி. 0.306 மாண்ட்ரல் போட்டால், பித்தளை சற்றே சுருங்கிய பிறகு நமக்கு வேண்டிய பிடி கிடைத்துவிடும்.

சுட்ட கேஸ் ஒன்றை, சைஸ் செய்யாமல், எடுத்து அதன் வாயில் ஒரு புல்லட்டைப் போடுங்கள். தடையில்லாமல் உள்ளே விழ வேண்டும். விழவில்லை என்றால் சேம்பருக்கும் (ரைஃபிளில் ரவுண்டு உட்காரும் அறை) கழுத்துக்கும் நடுவே இடமில்லை, அல்லது வாய் மடிந்திருக்கிறது. இது ஆபத்து; சுடும் நொடியில் கழுத்து விரிந்து புல்லட்டை விட இடமில்லாவிட்டால் அழுத்தம் எகிறும். லோட் செய்த கழுத்துக்கும் சேம்பர் கழுத்துக்கும் குறைந்தது 0.002 இடைவெளி வேண்டும். வாயில் நுழைந்து, கழுத்தின் அடியில் மட்டும் நின்றுவிட்டால், தோளும் கழுத்தும் சேரும் இடத்தில் உட்புறமாக ஒரு வளையம் தடித்திருக்கிறது. தோள்பக்கத்துப் பித்தளை கழுத்துக்கு நகர்வதால் வருவது இது. புல்லட்டின் முழுவிட்டப் பகுதி அந்த வளையத்துக்குள் போகாதபடி ஆழத்தை வைத்துக்கொள்ள முடிந்தால் கவலையில்லை. முடியாவிட்டால் ரீமர் என்ற துளை செதுக்கும் கருவியால் அந்த வளையத்தை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

கேஸின் நீளத்தையும் பாருங்கள். .308க்கு அதிகபட்சம் 2.015 அங்குலம், வெட்டும் அளவு 2.005. நீண்டுபோன கேஸின் வாய் சேம்பரின் கழுத்து முடிவில் முட்டிப் புல்லட்டை நெரிக்கும். வெட்டிய பிறகு உள்விளிம்பைச் சாய்த்துச் செதுக்காவிட்டால் வாய் புல்லட்டின் உறையைச் சுரண்டும். செம்புச் சுருள் வாயில் ஒட்டியிருந்தால் காரணம் இதுதான்.

இவ்வளவும் சரியான பிறகே ஆழத்தைத் தேட வேண்டும். சைஸ் செய்த வெறுங்கேஸ் ஒன்றின் கழுத்தில் நீளவாக்கில் மெல்லிய பிளவு போட்டு, புல்லட்டைத் தளர்வாக வெளியே நீட்டி வைத்து, சேம்பரில் மெதுவாக ஏற்றி போல்ட்டை மூடுங்கள். ரைஃப்ளிங் புல்லட்டைப் பின்னுக்குத் தள்ளிவிடும். எடுத்து ஓஜைவ் வரை அளக்கவும். ஐந்து முறை செய்யுங்கள். புல்லட் ரைஃப்ளிங்கில் சிக்கி வெளியே இழுபட்டு வந்த அளவு மற்றவற்றிலிருந்து தனியே தெரியும், அதை விட்டுவிடுங்கள். மீதி அளவுகளிலிருந்து 0.020 அங்குலம் குறைத்துத் தொடங்குங்கள். முழுச் செம்பு புல்லட்டுகளுக்கு 0.050 குறைப்பது வழக்கம். மேகசினில் அடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்; .308க்குத் தரநிர்ணய மொத்த நீளம் 2.810 அங்குலம்.

ரைஃப்ளிங்குக்கு 0.005 மட்டும் இடைவெளி விட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் ரவுண்டுகளில் ஆழம் 0.005 ஓடுகிறபோது சில ரைஃப்ளிங்கைத் தொடும், சில தொடாது. தொட்டவற்றில் அழுத்தம் சட்டென்று ஏறும். அப்படியானால் ஒரே பெட்டியில் இரண்டு வகை லோட் வைத்திருக்கிறீர்கள். தொடும்படி வைத்த ரவுண்டைச் சுடாமல் வெளியே எடுத்தால் புல்லட் குழலிலேயே நின்று பவுடர் முழுவதும் ஆக்‌ஷனில் கொட்டவும் கூடும். வேட்டைக்குப் போகும் ரைஃபிளில் அதை வைக்கவே வைக்காதீர்கள்.

ஆழத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் லோட் கையேட்டின் தொடக்க அளவுக்குப் பவுடரை இறக்கி, அங்கிருந்து ஏறி வாருங்கள். கேஸ் நிரம்பி அமுங்கும் அளவு பவுடர் போட்டிருந்தால், இன்று சரியாக அளந்த ரவுண்டு மறுநாள் நீண்டிருக்கலாம். பவுடர் புல்லட்டை மேலே தள்ளுகிறது. லோட் செய்த அன்றும் அடுத்த நாளும் அதே ரவுண்டுகளை அளந்து ஒப்பிட்டால் இது பிடிபடும். சுடச்சுட ரைஃப்ளிங்கின் தொடக்கமும் தேய்ந்து முன்னே நகரும். சில நூறு ரவுண்டுகளுக்கு ஒருமுறை, அதே பிளவுக் கேஸால், அதே புல்லட்டை வைத்து மறுபடி அளந்து தேதியோடு குறித்துவையுங்கள்.