சார்ந்திருப்பதும் பணிந்துபோவதும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முதிர்ந்த மனிதனுக்கு எவருடைய துணையும் தேவைப்படாது என்று பல உரைகளில் கேட்டு, சில ஆண்டுகளாக அதையே பழகிவருகிறேன். வேலையானாலும் திருமணமானாலும் வீட்டார் தீர்மானிப்பதற்கு நான் தலையாட்ட வேண்டும் என்பதால் முதலில் அவர்களிடமிருந்து விலகினேன், பிறகு நண்பர்களிடமிருந்தும். சென்ற மாதம் காய்ச்சலில் கிடந்தபோது ஒருவரிடமும் சொல்லவில்லை. அது பெருமையாக இருந்தது, ஆனால் அந்தப் பெருமை நிலைக்கவில்லை. தன்னிறைவான சுயம் என்ற ஒன்றை உளவியல் ஏற்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சுயம் முதலில் தனியாக இருக்கிறது, உறவுகள் பிற்பாடு அதனுடன் வந்து சேர்கின்றன என்ற எண்ணமே நீங்கள் கேட்ட உரைகளின் அடித்தளம். இதை மிகக் கூர்மையாக மறுத்தவர் என்று நான் கருதுவது டொனால்ட் வின்னிகாட்டை. லண்டனில் 40 ஆண்டுகள் குழந்தை மருத்துவராகவும் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகளை நகரங்களிலிருந்து வெளியேற்றியபோது, இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை உள்ளவர்களைத் தாயிடமிருந்து பிரிப்பது ஆபத்தானது என்று உளமருத்துவர்களான ஜான் பௌல்பியுடனும் இமானுவேல் மில்லருடனும் சேர்ந்து 1939 டிசம்பரில் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதியவர்.

தனித்திருக்கும் திறனைப் பற்றி அவர் 1958இல் வெளியிட்ட கட்டுரை உங்கள் கேள்விக்கு நேரான பதில். தாய் அதே அறையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, குழந்தை அவளை மறந்து தன் விளையாட்டில் ஆழ்கிறது. அவள் அங்கே இருப்பாள் என்பதில் ஐயமில்லாததால்தான் அவளை மறக்க முடிகிறது. இவ்வாறு இன்னொருவர் அருகிலிருக்கையில் தனித்திருந்து பழகிய குழந்தையே, அந்த இருப்பைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, பின்னாளில் எவருமில்லாத அறையிலும் அமைதியாக இருக்கக் கற்கிறது என்கிறார் வின்னிகாட்.

உங்கள் காய்ச்சலைப் பற்றிப் படித்தபோது உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த்தின் ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்காவின் பால்டிமோரில், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளை விளையாட்டுப் பொருள்கள் பரப்பிய அறையில் விட்டு, தாயை இருமுறை வெளியே அனுப்பித் திரும்ப அழைத்தார். மொத்தம் சுமார் 20 நிமிடங்கள். பிரியும்போது அழுகிறதா என்பதைக் காட்டிலும், தாய் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதையே அவர் முக்கியமாகக் கவனித்தார். பெரும்பாலானவை தாயை நாடிச் சென்று, தேறி, மீண்டும் விளையாடப் போயின. சில குழந்தைகளோ அவளை ஏறெடுத்தும் பார்க்காமல் பொம்மையை நோக்கித் திரும்பிக்கொண்டன. பார்ப்பவருக்கு இவையே துணிச்சலான பிள்ளைகளாகத் தோன்றும். ஆனால் பின்னர் 1970களில் இதயத் துடிப்பை அளந்தபோது, அழாத அந்தக் குழந்தைகளின் நெஞ்சும் படபடத்துக்கொண்டிருந்தது தெரியவந்தது. அணுகினால் பயனில்லை என்று முன்பே கற்றுக்கொண்டதால் அவை தேவையை மறைத்தன என்பதே ஐன்ஸ்வொர்த்தின் வழிவந்தவர்கள் தரும் விளக்கம். உங்கள் மௌனமும் இப்படிப்பட்டதுதான் என்று ஒரு கடிதத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நிலைக்காத பெருமை என்று நீங்களே எழுதியிருப்பதால்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

(இந்தச் சோதனையை நான் முழுமையாக நம்புபவனல்ல. ஜப்பானின் சப்போரோவில் இதைச் செய்தபோது, தாயைப் பிரிந்து பழக்கமே இல்லாத குழந்தைகள் தேற்ற முடியாதபடி அழுததால், பாதுகாப்பற்ற பிணைப்புடையவை, அதாவது தாயிடம் உறுதியான நம்பிக்கை இல்லாதவை என்று பல குழந்தைகள் வகைப்படுத்தப்பட்டன. அங்கே பழுது அளவுகோலில் இருந்தது.)

உங்கள் கடிதத்தின் மறுபாதியில் நியாயம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிறர் எதிர்பார்ப்புக்கு இணங்கியே வளரும் குழந்தை, இணங்குவதற்கென்றே ஒரு போலிச் சுயத்தை உருவாக்கிக்கொள்கிறது என்று வின்னிகாட் 1960இல் எழுதினார். அது ஓரளவு எல்லோருக்கும் வேண்டியதே. மரியாதை, நாகரிகம் எல்லாம் அதில் அடங்கும். ஆளையே மூடிவிடும் அளவுக்கு அது வளர்ந்துவிட்டால், எத்தனை வெற்றி பெற்றாலும் வாழ்வது தானல்ல என்ற உணர்வு தொடரும். உங்கள் வீட்டார் கேட்டது இந்த இணக்கத்தைத்தான், நீங்கள் மறுத்ததும் சரிதான். ஆனால் பணிந்துபோவதை மறுக்கப் புறப்பட்டு, சார்ந்திருப்பதையும் சேர்த்தே துறந்துவிட்டீர்கள். நண்பர்கள் உங்களைத் தலையாட்டச் சொல்லவில்லையே?

வின்னிகாட் தம் இறுதி ஆண்டுகளில், 1968இல் நியூயார்க்கில் வாசித்த கட்டுரையில், நம் சினத்தின் தாக்குதலுக்குப் பிறகும் பழிவாங்காமல் நிலைத்து நிற்பவரே நமக்கு நிஜமான இன்னொருவராக ஆகிறார் என்றார். விலகிவிட்டால் அவர்கள் நிற்பார்களா, சரிவார்களா என்பது தெரியாமலே போய்விடும். ஆகவே வீட்டாரிடம் பேசாமலிருப்பதைவிடச் சண்டை போடுவது மேல் என்பேன். திருமணத்தைப் பற்றி உங்களுக்கு உடன்பாடில்லாததை நேரில் சொல்லுங்கள். அவர்கள் கோபிக்கட்டும், நீங்களும் கோபியுங்கள். அடுத்த வாரம் மீண்டும் தொலைபேசியில் அழையுங்கள்.