நெதர்லாந்துக்குப் புதுசு, எதைப் படிக்கலாம்? (கேள்வி பதில்)

உத்ரெக்ட் நகரில் பதினோரு வருடமாகக் குடியிருக்கும் வாசகி ஒருவர், புதிதாக வந்தவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, ஐந்தோவனுக்கு வந்து மூன்று மாதம்தான். டச்சு சுத்தமாகத் தெரியாது. ஆங்கிலத்தில் ஒரே ஒரு டச்சு நாவல் படிப்பதென்றால் எது?

பதில்: ஹாரி முலிஷ் எழுதிய 'தி அசால்ட்'. 1982இல் வந்தது, ஒல்லியான புத்தகம். 1945 ஜனவரி, ஹார்லெம் நகரம். நாஜிகளுக்கு உழைத்த போலீஸ் அதிகாரி ஒருவனை ராத்திரி தெருவில் சுட்டுவிடுகிறார்கள். பிணம் விழுந்தது ஒரு வீட்டு வாசலில். அந்த வீட்டுக்காரர்கள் அதை இழுத்து அடுத்த வீட்டு வாசலில் போட, நாஜிகளின் பழி அந்தக் குடும்பத்தின் தலையில் விடிகிறது. பிழைத்தவன் பன்னிரண்டு வயதுப் பையன் மட்டும். வரிசையில் நாலு வீடு இருக்க, எங்கள் வாசல் ஏன் என்பதுதான் அவன் கேள்வி. முடிவை நான் சொல்லமாட்டேன். படித்துவிட்டு மே 4 இரவு எட்டு மணிக்கு வெளியே நில்லுங்கள். போரில் இறந்தவர்களுக்காக நாடே இரண்டு நிமிடம் வாய்மூடி நிற்கும்.

கேள்வி: 'மாக்ஸ் ஹாவலார்' தொடங்கினேன். நாற்பது பக்கமாகக் காபி வியாபாரி ஒருவன் தன் பெருமையே பேசுகிறான். விட்டுவிடலாமா?

பதில்: ஐயோ, விடாதீர்கள்! அந்த எரிச்சல் வரவேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார். அந்தத் தரகனின் பெயர் ட்ரோக்ஸ்டோப்பல், 'காய்ந்த அரிதாள்' என்று பொருள். அவன் விற்கும் காபி ஜாவாவில் யார் முதுகில் விளைகிறது என்பது பிறகுதான் வரும். எழுதிய எடுவார்ட் டவ்வஸ் டெக்கர் ஜாவாவில் டச்சு அரசு அதிகாரி. 1856இல் லெபாக் என்ற இடத்தில், உள்ளூர்த் தலைவர் குடியானவர்களைச் சுரண்டுவதாகப் புகார் எழுதினார். மேலிடம் காது கொடுக்கவில்லை, வேலையை உதறினார். 1860இல் முல்தத்தூலி என்ற புனைபெயரில் இந்த நாவல் வந்தது. லத்தீனில் அதற்கு 'நிறையப் பட்டுவிட்டேன்' என்று அர்த்தம். கடைசிப் பக்கங்களில் கதாபாத்திரங்களை ஒதுக்கித் தள்ளிவிட்டு, எழுத்தாளரே வந்து அரசனைப் பார்த்துக் கேட்கிறார். அந்த இடத்தை நான் நின்றுகொண்டு படித்தேன். 1988இல் நியாய விலைக் காபிக்கு இந்தப் பெயரையே முத்திரையாக வைத்தார்கள். வியாபாரிகளைத் திட்டிய புத்தகம் காபிப் பொட்டலத்தில் ஏறியதைப் பார்த்தால் ட்ரோக்ஸ்டோப்பல் கணக்குப் போட்டிருப்பான்.

கேள்வி: அலுவலகத் தோழி பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். ஏதாவது முறை உண்டா?

பதில்: அவளுக்கு மட்டுமல்ல, அவள் அம்மா, அண்ணன், கணவன் எல்லோருக்கும் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லணும். பிறகு வட்டமாகப் போட்ட நாற்காலியில் உட்காரணும். காபி, ஒரு துண்டு கேக். இன்னொரு துண்டு தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். சாப்பாட்டு நேரம் என்று அழைப்பில் இல்லையென்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிறந்தநாள்கள் எழுதிய காலண்டரைக் கழிப்பறையில் மாட்டியிருப்பார்கள், சிரித்துவிடாதீர்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா, நான் யாழ்ப்பாணத்து ஆள். எங்கட 'கந்தோர்' டச்சுச் சொல் எண்டு சொல்லுகினம், உண்மையோ?

பதில்: உண்மைதான் தம்பி. இங்கே அலுவலகம் 'கான்டோர்'. துட்டும் கக்கூஸும்கூட ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், விட்டுப்போனவை என்பார்கள். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். அதற்கு முன்பே பழவேற்காட்டில் கோட்டை கட்டிவிட்டார்கள். அங்கே பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு இந்து சமயம் பற்றி டச்சில் ஒரு நூல் எழுதினார். 1651இல் அச்சானது. பர்த்ருஹரியின் பாடல்களும் மொழிபெயர்ப்பாக அதில் இருக்கின்றன.

கேள்வி: டச்சிலேயே படிக்க ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: 'யிப் என் யான்னெக்க'. ஆனி ஷ்மிட் குழந்தைகளுக்கு எழுதியது, ஒவ்வொரு கதையும் இரண்டு மூன்று பக்கம். எளிமையாகப் பேசும் அரசியல்வாதியைக்கூட 'யிப் என் யான்னெக்க மொழி பேசுகிறார்' என்பார்கள், சில சமயம் கிண்டலாக. கடையில் டச்சில் பேசினால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். கோபப்படாமல் டச்சிலேயே தொடருங்கள். வசந்தகாலப் புத்தக வாரத்தில் குறிப்பிட்ட தொகைக்கு டச்சுப் புத்தகம் வாங்கினால் ஒரு குறுநாவல் இலவசம். அதைக் காட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலில் காசில்லாமல் போகலாம் என்பது பழைய வழக்கம். இந்த வருடமும் அது உண்டா, என்ன தேதி என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்; இருந்தால் கூட்டத்துக்கு முன்னால் ஏறிவிடுங்கள்.