பி.இ.சி. வான்டேஜ் லிசனிங் தாள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேம்பிரிட்ஜ் நடத்தும் வணிக ஆங்கிலத் தேர்வான பி.இ.சி. வான்டேஜின் லிசனிங் (கேட்டல்) தாள் பற்றி மாணவர்களும் வேலையில் இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பல ஆண்டுகளாக இந்தத் தேர்வுக்குப் பயிற்சி தந்துவருகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

மேடம், இந்தத் தாளில் என்னதான் கேட்பார்கள்? (ஈரோடு, பொறியியல் மூன்றாம் ஆண்டு)

மூன்று பகுதி, 30 கேள்வி, ஏறக்குறைய 40 நிமிடம். முதல் பகுதியில் மூன்று தொலைபேசி உரையாடல்கள் அல்லது குரல் செய்திகள் வரும். படிவத்திலோ குறிப்பிலோ உள்ள 12 இடங்களை ஒன்றிரண்டு சொல்லாலோ எண்ணாலோ நிரப்ப வேண்டும். இரண்டாம் பகுதியில் ஐந்தைந்து பேராக இரண்டு தொகுப்பு. ஒவ்வொருவரும் சில விநாடிகளே பேசுவார், அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பட்டியலில் இருந்து பொருத்த வேண்டும். மூன்றாவது நீண்ட பேட்டி அல்லது கலந்துரையாடல், எட்டுக் கேள்வி. எல்லாப் பதிவும் இரண்டு முறை ஒலிக்கும். மொத்த மதிப்பெண்ணில் கால்பங்கு இந்தத் தாளுக்கு.

நான் பள்ளியில் தமிழ் வழி. நம் ஊர் ஆங்கிலம் புரிகிறது, பிரிட்டிஷ்காரர் பேசினால் எதுவும் பிடிபடவில்லை. என் அடிப்படையே சரியில்லையோ? (விழுப்புரம்)

அடிப்படையில் குறை இல்லை, தம்பி. ஆங்கில வழியில் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். நாம் ஆங்கிலச் சொற்களைக் கண்ணால் கற்றோம், எழுத்து இருக்கும் இடத்தில் எல்லாம் ஒலியும் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். பிரிட்டிஷ் பேச்சில் 'குவார்ட்டர்லி' ஏறக்குறைய 'குவோட்டலி' ஆகிவிடும், 'கம்ஃபர்ட்டபிள்' 'கம்ஃப்டபிள்' ஆகும். கடனைக் குறிக்கும் 'டெட்' (debt) என்ற சொல்லில் எழுதும் 'பி' ஒலிப்பதே இல்லை.

இன்னொன்று, சொற்கள் ஒட்டிக்கொள்வது. நாமும் 'வந்து கொண்டு இருக்கிறேன்' என்று எழுதிவிட்டு 'வந்துட்டிருக்கேன்' என்றுதானே பேசுகிறோம்? தமிழைப் பாடப்புத்தகத்தில் மட்டும் கற்ற ஒருவருக்கு அது புரியாது. 'ஆன் அவர் அண்ட் எ ஹாஃப்' (ஒன்றரை மணி நேரம்) என்பது 'அனவரனஹாஃப்' என்று ஒரே மூச்சில் வரும்போது நமக்கு நேர்வதும் அதுவே. சொல் உங்களுக்குத் தெரியும், அது பேச்சில் எடுக்கும் உருவம்தான் தெரியாது. அதைப் பழக்கத்தால் கட்டாயம் பிடித்துவிடலாம்.

தினமும் ஆங்கிலப் படமும் செய்தியும் பார்க்கிறேன். மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறவே இல்லையே? (மதுரை)

அதிகம் வந்த கேள்வி இதுதான். சப்டைட்டிலோடு பார்த்தால் கண் படிக்கிறது, காது ஓய்வெடுக்கிறது. சப்டைட்டில் இல்லாமல் மணிக்கணக்காகக் கேட்டாலும், புரிந்தது புரியும், புரியாதது கடந்து போகும். காது எந்த இடத்தில் வழுக்குகிறது என்று கண்டுபிடிக்காத வரை மதிப்பெண் ஏறாது.

எழுத்து வடிவத்தோடு கிடைக்கும் பதிவாக எடுங்கள். பிபிசி லேர்னிங் இங்கிலிஷின் '6 மினிட் இங்கிலிஷ்', பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன்இங்கிலிஷ் தளத்தில் உள்ள பிசினஸ் பகுதி, கேம்பிரிட்ஜே தன் தளத்தில் இலவசமாகத் தரும் மாதிரித் தாள் எல்லாம் உதவும். முதலில் ஒரே ஓட்டமாக இரண்டு முறை கேளுங்கள். பிறகு ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை அப்படியே எழுதுங்கள். அதன் பிறகே எழுத்து வடிவத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்.

பிழைகளைப் பிரித்துப் பார்ப்பதில்தான் பலன் இருக்கிறது. சொல்லே தெரியாமல் விட்டீர்களா, தெரிந்த சொல்லைக் காது பிடிக்கவில்லையா, பிடித்தும் பொருளைத் தவறாக எடுத்தீர்களா? முதல் வகைக்குச் சொல்வளம் தேவை. இரண்டாவதற்கு அந்த மூன்று விநாடித் துண்டையே திரும்பத் திரும்பக் கேட்டு, பேசுபவரோடு சேர்ந்து அதே வேகத்தில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய்க்குப் பழகிய ஒலியைக் காது தானே அடையாளம் காணும். மூன்றாவது பெரும்பாலும் அலுவலக வழக்கு தெரியாததால் வருவது. 'டர்ன்ஓவர்' என்றால் விற்பனை வருவாய், 'ஸ்டாஃப் டர்ன்ஓவர்' என்றால் ஆட்கள் விலகிப் போவது. ஒருவரை 'ரிடன்டன்ட்' ஆக்கினார்கள் என்றால் அவருடைய பதவியே நீக்கப்பட்டு வேலை போய்விட்டது என்று பொருள். என் மாணவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வகைதான் அதிகம், ஆனால் அவர்கள் சொற்பட்டியலையே மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

எண்ணும் ஸ்பெல்லிங்கும் தப்பிப்போகின்றன. (நாமக்கல்; திருநெல்வேலியில் இருந்தும் இதே கேள்வி)

'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' குழப்பத்துக்கு, அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனிக்கச் சொல்வார்கள். அது பாதிதான் உதவும். எண்ணுக்குப் பின்னால் பெயர்ச்சொல் வந்தால் 'டீன்' மேல் இருந்த அழுத்தம் முன்னுக்கு நகர்ந்துவிடும். எனவே கடைசியில் நீண்டு ஒலிக்கும் 'ஈன்' கேட்கிறதா என்று தேடுங்கள். 'ஹாஃப் செவன்' என்றால் பிரிட்டிஷ் வழக்கில் 7:30, ஆறரை இல்லை. தொலைபேசி எண்ணில் பூஜ்யத்தை 'ஓ' என்பார்கள். ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. ஆனால் தேர்வில் லட்சத்துக்கு மாற்றிக்கொண்டிருக்காமல் கேட்டபடியே எழுதுங்கள்.

எழுத்துகளில் நம்மவர்களை அதிகம் ஏமாற்றுவது 'ஆர்'. பிரிட்டிஷ்காரர் அதை வெறும் 'ஆ' என்பார், நாம் 'ஏ' எழுத்தைப் போட்டுவிடுவோம். அதேபோல 'ஜி'யும் 'ஜே'யும், 'எம்'மும் 'என்'னும் ஒன்றுக்கொன்று குழம்பும். நண்பரை உட்காரவைத்து அறிமுகமில்லாத பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லி எழுதிப் பழகுங்கள்.

இரண்டாம் பகுதியில் சொல் தெளிவாகக் கேட்கிறது, விடை மட்டும் தவறாகிறது. ஏன்? (கோவை)

கேட்ட சொல்லைப் பட்டியலில் பார்த்ததும் குறித்துவிடுகிறீர்கள். அங்கேதான் பொறி வைத்திருக்கிறார்கள். ஒருவர் இப்படிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம்: "விலையைக் குறைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம், நிதிப் பிரிவு ஒப்புக்கொள்ளவில்லை, கடைசியில் உத்தரவாதக் காலத்தை நீட்டினோம்." பட்டியலில் 'விலைக் குறைப்பு' நிச்சயம் இருக்கும். சரியான விடையோ 'கூடுதல் உத்தரவாதம்' என்பதை வேறு சொற்களில் சொல்லியிருக்கும். 'பட்', 'இன் தி எண்ட்', 'இன்ஸ்டெட்' வந்ததும் விழித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் உள்ள எட்டில் ஐந்துதான் பொருந்தும். முதல் முறை கேட்கும்போது பென்சிலால் லேசாகக் குறித்து, இரண்டாம் முறையில் முடிவு செய்யுங்கள்.

சென்னையில் ஐ.டி. வேலை. தினமும் அமெரிக்க கிளையன்ட்டோடு பேசுகிறேன். மாதிரித் தேர்வில் மட்டும் ஏன் சறுக்குகிறேன்?

அழைப்பில் உங்களுக்கு விஷயம் முன்பே தெரியும், புரியாவிட்டால் திருப்பிக் கேட்கவும் முடியும். தேர்வில் இரண்டும் இல்லை. முன்பின் தெரியாத நிறுவனங்களின் பேச்சைக் கேட்க வேண்டும். பங்குச்சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் காலாண்டு முடிவுக்குப் பின் ஆய்வாளர்களோடு பேசும் அழைப்பின் ஒலிப்பதிவையும் எழுத்து வடிவத்தையும் இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதி. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் தளங்களில் பாருங்கள். பேசுபவர்களில் பலர் இந்தியர்கள்தான், ஆனால் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லாமல் சுற்றிவரும் பேச்சு மூன்றாம் பகுதிக்கு அருமையான பயிற்சி. உச்சரிப்புக்கு பிபிசி வேர்ல்டு சர்வீசின் 'பிசினஸ் டெய்லி' கேளுங்கள்.

டோயிக் எழுதப் போகிறேன். இதே பயிற்சி போதுமா?

காதுக்கான பயிற்சி ஒன்றுதான். டோயிக்கும் வேலையிட ஆங்கிலத்தைச் சோதிக்கும் தேர்வுதான், ஆனால் அதன் லிசனிங் பகுதியில் 45 நிமிடத்தில் 100 கேள்வி, பதிவு ஒரே ஒரு முறை. ஒன்றை விட்டுவிட்டால் ஊகித்து ஒன்றைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

தேர்வு அறையில் பதற்றத்தைச் சமாளிப்பது எப்படி? (தஞ்சாவூர்)

வீட்டில் ஹெட்போனிலேயே பழகிவிட்டு, பெரிய ஹாலில் ஸ்பீக்கர் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமுமாகக் கேட்கும்போதுதான் பலருக்குக் கை நடுங்குகிறது. கடைசி இரண்டு வாரமாவது ஸ்பீக்கரில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். பதிவு தொடங்கும் முன் தரும் இடைவெளியில் கேள்வியைப் படித்து, காலி இடத்தில் வரப்போவது தேதியா, பெயரா, தொகையா என்று ஊகித்து வையுங்கள். மூன்றாம் பகுதியில் கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே வரும், அதனால் ஒன்று தவறினாலும் அடுத்ததைப் பிடித்துக்கொள்ளலாம். காகிதத் தேர்வு என்றால் விடைகளைப் படிவத்துக்கு மாற்றக் கடைசியில் 10 நிமிடம் தருவார்கள். அப்போது எண் வரிசை மாறிவிடாமல் பாருங்கள், ஓர் இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள்.